மீனின் காதைப் பார்த்துச் சிரித்தேன்

போன வெள்ளிக்கிழமை காதர் பாய் எனக்கு மீன் தர மறுத்துவிட்டார்.

ஷார்ஜா மீன் மார்க்கெட்டில் அவருடைய கடைக்கு எத்தனை வருடமாகப் போய்வருகிறேன் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தூரத்தில் என் தலை தெரிந்ததுமே "சார் வந்துட்டாக!" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் விலை கேட்பதில்லை. அவர் எனக்கு நேற்றைய மீனைத் தருவதில்லை. அப்படி ஓர் ஒப்பந்தம்.

அன்று குரல் வரவில்லை. நானே கிட்டே போய் நின்றேன்.

"என்ன பாய், இன்னிக்கு என்ன வந்திருக்கு?"

"உங்களுக்குக் குடுக்குற மாதிரி ஒண்ணும் இல்லை சார்."

எதிரே ஐஸ் மேல் நல்ல ஹமூர் மீன் ஒன்று படுத்திருந்தது. கண் பளபளவென்று இருந்தது.

"இதோ ஹமூர் இருக்கே?"

"இருக்கு. ஆனா அதுக்குக் காதும் இருக்கு சார். பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வந்துரும்."

சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். பையை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சிரிப்பு வரவில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு வாரம் முன்பு இதே இடத்தில் ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைக் கிண்டல் செய்திருந்தேன். ஐரோப்பாவின் வடக்கே, பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஊரில் இருப்பது அது. அங்கே என்னென்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டிருந்தேன். மழையில் நனைந்த தேனீ எப்படி வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறது, பாறையில் சிப்பி எந்தப் பசையால் ஒட்டிக்கொள்கிறது, பழைய பாலத்துக் கல்லில் பாசி ஏன் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது, தொட்டில் குழந்தை அம்மாவின் மொழியை மற்ற மொழிகளிலிருந்து எப்படிப் பிரித்துக் கேட்கிறது... கடைசியாக, மீனின் காது.

"மீனுக்குக் காது பார்க்க அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். இங்கே எனக்கே ஒரு காது சரியாகக் கேட்பதில்லை... பார்க்க ஆள் இல்லை!" என்று முடித்திருந்தேன்.

நன்றாக எடுபட்டது. உங்களில் பலர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அது சுற்றிச் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. 'யார் எழுதியதோ, செம' என்ற குறிப்போடு! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பட்டியல் என் கைக்கு எப்படி வந்தது என்பதைத்தான் நான் எழுதவில்லை.

நஸ்ரின் கொண்டுவந்தாள்.

நஸ்ரின், தொண்டி ஊர்க்காரரான காதர் பாயின் ஒரே மகள். பிறந்து வளர்ந்தது ஷார்ஜா. கொச்சியில் போய் கடல் உயிரியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த வடக்குப் பல்கலைக்கழகத்தில், மீனின் காது பற்றிய அதே ஆராய்ச்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். அம்மா சபியாவுக்குச் சம்மதம். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை.

ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் அவளே பொரித்த சமோசா, தோளில் லேப்டாப்.

"அங்கிள், நீங்க சொன்னா வாப்பா கேப்பாங்க. நீங்க கெமிஸ்ட்ரி ஆளு. இது சீரியஸான வேலைன்னு நீங்க ஒரு தடவை எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க, ப்ளீஸ்."

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கீழே போகப் போக முடியவே இல்லை. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு திசையில் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி கமலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நான் சமோசாவைக் கடித்துக்கொண்டே, "அடேயப்பா, இதெல்லாம் பண்றாங்களா!" என்றேன். நஸ்ரினும் சிரித்தாள். அவளுக்கு அது பெருமைச் சிரிப்பு.

"பேசறேம்மா. நீ கவலைப்படாதே. உங்க வாப்பாவை என்கிட்ட விடு," என்றேன்.

மறுநாள் காலை பத்தி அனுப்ப வேண்டிய நாள். எழுத எதுவும் இல்லை. அதாவது... பட்டியல் இருந்தது.

இதற்குச் சமாதானம் ஏதாவது சொல்ல முடியுமா என்று போன வெள்ளியிலிருந்து யோசித்துப் பார்த்தேன். முடியாது. ஒரு பெண் உதவி கேட்டு என் முன்னால் வைத்ததை எடுத்து, ஊர் சிரிக்க விற்றுவிட்டேன். அதோடு விட்டேனா? 'ஷார்ஜாவில் மீன் கடை வைத்திருக்கும் என் நண்பரின் மகளும் அங்கே போகப் போகிறாளாம்' என்று ஒரு வரி வேறு. பெயர் போடவில்லையே என்று எனக்கு நானே ஒரு நல்ல பெயர் கொடுத்துக்கொண்டேன். ஷார்ஜாவில் மீன் கடை வைத்திருக்கும் தொண்டிக்காரர், கடல் உயிரியல் படித்த மகள்... இதற்கு மேல் பெயர் எதற்கு?

தொண்டிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. துபாய், தோஹா, குவைத், ஊர் என்று எல்லா இடத்து ஆட்களும் அதில் இருக்கிறார்கள். என் பத்தி காலையில் அங்கே போய் இறங்கியது. மதியத்துக்குள் காதர் பாயின் மைத்துனர் ஜமால், தோஹாவில் நஜ்மா என்ற பகுதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், எல்லோரும் கேட்க ஒரு குரல் பதிவு போட்டுவிட்டார்.

"மச்சான், பொட்டப் புள்ளைய ஐரோப்பாவுக்கு அனுப்பி மீனு காதக் கொடைய விடப் போறியளா? நம்ம மார்க்கெட்லயே கொடையலாமே, டிக்கெட் செலவு மிச்சம்!"

அன்று மாலையே காதர் பாய் மகளிடம், "போக வேணாம். இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுச்சு, கலாஸ்," என்று சொல்லிவிட்டாராம்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஹமூர் மறுக்கப்படும்வரை தெரியாது. பாராட்டை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு வேறு என்ன காதில் விழும்?

வெறும் பையோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்ன, கையை வீசிட்டு வர்றீங்க? கடல்ல மீன் தீந்துபோச்சா?" என்றாள் கமலா.

நடந்ததைச் சொன்னேன். அவள் ஏற்கெனவே சபியாவிடம் போனில் பேசியிருக்கிறாள். எல்லாம் தெரிந்துதான் என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்!

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உங்களுக்கு அது ஒரு செய்தி. அங்க போய் நின்னாத்தான் உறைக்கும்." அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே சொன்னாள். "அந்தப் பொண்ணு சமோசாவை வெச்சுட்டு ஒரு உதவி கேட்டுச்சு. நீங்க சமோசாவையும் தின்னுட்டு, அதையும் தின்னுட்டீங்க."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் என் எழுத்தைப் பற்றிச் சொன்ன மிகக் கச்சிதமான விமர்சனம் அதுதான்.

அன்று மதியம் அந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தை மறுபடி திறந்தேன். இந்த முறை கிண்டலுக்கு வரி தேடாமல் படித்தேன்.

சிப்பியின் பசை. அதற்குத்தான் நான் அன்று அதிகம் சிரித்தேன். நான் யார்? ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்கள் செய்தது படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற பெயிண்ட். எங்கள் ஒரே எதிரி, ஒட்டிக்கொண்டால் விடாத சிப்பி. உப்புத் தண்ணீரில், அலை அடிக்கிற இடத்தில், ஈரமான பரப்பில் அது எப்படி ஒட்டுகிறது என்று தெரியாமல் டப்பா டப்பாவாகப் பெயிண்ட் கலக்கி, பலகையில் பூசி, கடலில் தொங்கவிட்டு, எடுத்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வோம். அதில்தான் என் மகனைப் படிக்க வைத்தேன். எனக்குச் சோறு போட்ட கேள்வியை வேறொருவன் ஒழுங்காக உட்கார்ந்து கேட்டிருக்கிறான்... எனக்கு அது ஜோக்!

பாசி பிடிக்கும் கல்லும் அப்படித்தான். பாலம் கட்டியவனைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்வான். தொட்டில் குழந்தை விவகாரத்தை, இங்கே பிறந்து வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாகத் திண்டாடும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத பட்டியல் என்று எழுதியிருந்தேன். உலகம் மட்டும் என்ன, ஒன்றோடொன்று ஒட்டியா கிடக்கிறது? அத்தனை பக்கமும் ஆள் நிறுத்திவைக்க ஓர் ஊருக்குத் தைரியம் இருக்கிறது. நாம் இங்கே ஒரு படிப்பைப் பார்த்தால் என்ன கேட்கிறோம்? சான்றிதழில் முத்திரை குத்துவார்களா, வேலை கிடைக்குமா, விசா எப்படி? மூன்றையும் தாண்டி நாலாவது கேள்வி கேட்டதே இல்லை.

மீனின் காது பற்றியும் படித்தேன். வெளியே தெரிகிற காது இல்லை. தலைக்குள்ளே இருக்கிறது. அதற்குள் ஒரு குட்டிக் கல். மீன் வளர வளர அந்தக் கல்லிலும் படலம் படலமாகச் சுண்ணாம்புச் சத்து படிகிறது. வெட்டிப் பார்த்தால் மரத்தில் தெரிகிற மாதிரி வளையங்கள். வயது தெரியும். எந்தப் படலத்தில் எந்த உலோகம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் அந்த வயதில் அது எந்த மாதிரித் தண்ணீரில் நீந்தியது என்று சொல்ல முடியும். இது சுத்தமான கெமிஸ்ட்ரி. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த நான் பொருளைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் கமலாவைக் கூட்டிக்கொண்டு காதர் பாய் வீட்டுக்குப் போனேன். சபியா கதவைத் திறந்து, "வாங்க" என்றார். ஒரே ஒரு 'வாங்க'தான். நஸ்ரின் அறையை விட்டு வரவில்லை. காதர் பாய் டிவி சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை.

சுற்றி வளைக்கவில்லை. "பாய், நான் செஞ்சது தப்பு. உங்க பொண்ணு என்னை நம்பி வந்தா. நான் அவளை வெச்சு ஜோக் அடிச்சுட்டேன்," என்றேன்.

"நீங்க எழுதினதுக்கு நான் கோவப்படலை சார். நானும் படிச்சுட்டுச் சிரிச்சேன். மீன் கடைக்காரர் மகள்னு வந்த வரியிலதான் என் புள்ளைன்னு தெரிஞ்சுச்சு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நான் கடையிலேர்ந்து வந்தா மூணு தடவை சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். எதுக்கு? இந்த வாடை புள்ள மேல படக்கூடாதுன்னுதான். அவ படிச்சு, பெரிய ஊருக்குப் போயி, மறுபடி மீன் தலையத்தான் வெட்டணுமா? அதச் சொன்னா அவளுக்குப் புரியல. ஊருக்கு நல்லாப் புரிஞ்சுச்சு, சிரிச்சுட்டாக."

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க எனக்கு விளக்க வேணாம் சார். நீங்க பேசினா எனக்கு அந்தப் பத்திதான் ஞாவகம் வருது. எங்க சிரிச்சாகளோ அங்க போயிச் சொல்லுங்க."

போனை என் முன்னால் வைத்தார். தொண்டிக் குரூப் திறந்திருந்தது.

மேடையில் பேசியிருக்கிறேன், ரேடியோவில் பேசியிருக்கிறேன். அந்தச் சின்ன மைக் படத்துக்கு முன்னால் அதெல்லாம் உதவவில்லை. அழுத்திவிட்டுச் சொன்னேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அந்தப் பத்தியை எழுதினவன் நான்தான். காதர் பாயோட மகள் அந்த விஷயத்தை எனக்கு விளக்கத்தான் வந்தா. நான் புரிஞ்சுக்காமக் கிண்டல் பண்ணிட்டேன். அவ பண்ணப் போறது கெட்டிக்காரங்க பண்ற வேலை. நான் படிச்சவன்தான், ஆனா எனக்கு இடம் குடுத்திருக்க மாட்டாங்க. அவளுக்குக் குடுத்திருக்காங்க. தப்பு என்னோடது. சிரிக்கிறதுன்னா என்னைப் பாத்துச் சிரிங்க."

குரூப்பில் கட்டைவிரல் படங்கள் வந்தன. ஒருவர், "அப்ப மீனுக்குக் காது நெசமாவே இருக்கா?" என்று கேட்டார். அடுத்த நிமிடமே தோஹாவிலிருந்து ஜமாலின் அழைப்பு. காதர் பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், எழுத்தாளர் பக்கத்துலயா இருக்காரு? சார், மன்னிப்பெல்லாம் எதுக்கு, நானும்தான் பேசிட்டேன். சரி, ஒண்ணு கேக்குறேன். இது படிச்சுட்டு வந்தா விசாவுல என்ன வேலைன்னு போடுவாக?"

வளைகுடாவில் ஒருவன் கேட்க வேண்டிய கேள்வி! அப்போதுதான் அறைக் கதவு திறந்தது.

"மாமா, அது படிப்பு மட்டும் இல்லை, வேலையும்தான். சம்பளம், லீவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கு. அங்க போனதும் ரெசிடென்ஸ் கார்டுல 'ரிசர்ச்சர்'னு போடுவாங்க." நஸ்ரின் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் வாப்பாகிட்ட ஃபர்ஸ்ட் நாளே சொன்னேன். மீன்னு சொன்னதும் வாப்பா மத்ததைக் கேக்கலை."

"ரிசர்ச்சர்னா?"

"ஆராய்ச்சி பண்றவங்க."

"அங்க போயி நீ என்ன பண்ணுவே?"

"ஆராய்ச்சிதான் மாமா!"

காதர் பாய் போனைக் கையில் எடுத்தார். "ஜமாலு, நீ தோஹா போன மொத விசாவுல என்ன போட்டிருந்துச்சு?"

"டிரைவரு."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"இன்னிவரைக்கும் சைக்கிளு மட்டுந்தான் மச்சான்."

"எனக்கு ஏசி மெக்கானிக்கு. ஒரு ஸ்க்ரூ திருகுனதில்ல. சார், உங்களுக்கு?"

"கார்பென்டர்," என்றேன். கம்பெனிக்கு அந்த வருடம் தச்சருக்குத்தான் விசா இருந்தது. லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்ட தச்சன் நான். கமலா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "ஒரு ஆணிகூட நேரா அடிக்க வராது பாய்," என்று சேர்த்துக்கொண்டாள்.

டிவி அணைந்தது. காதர் பாய் மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப கார்டுல போட்டிருக்குற வேலையும் கையில பாக்குற வேலையும் ஒண்ணா இருக்கப் போற மொத ஆளு, நம்ம குடும்பத்துல நீதானா?"

நஸ்ரின் தலையாட்டினாள்.

"அப்ப நல்லாத்தான் பாக்கணும். சும்மா போயி நிக்கக் கூடாது," என்றார். பிறகு போனைப் பார்த்து, "ஜமாலு, புள்ள போவுது. குரூப்ல நீயே போட்டுரு," என்றார்.

சபியா உள்ளே போய் டீ கொண்டுவந்தார். இந்த முறை 'எடுத்துக்குங்க' என்றும் சொன்னார்.

கிளம்பும்போது நஸ்ரின் வாசல்வரை வந்தாள். "உங்க வீட்டுல என் முன்னாடி 'அடேயப்பா'ன்னுதான் சொன்னீங்க அங்கிள். பேப்பர்ல வேற மாதிரி எழுதிட்டீங்க. எது நிஜம்னு எனக்குத் தெரியலை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு." அவ்வளவுதான். இரண்டுமே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொன்னேன். "இதைப் பத்தி எழுதணும்மா. நீ பார்த்துட்டு சரின்னாத்தான் அனுப்புவேன்."

எழுதி முடித்ததும் அவளுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஒரு செய்தி வந்தது. வாசகர்களே, நான் முதலில் எழுதியிருந்ததில் ஒரு வரி இருந்தது. 'என் குரல் பதிவு காதர் பாயின் மனதைக் கரைத்தது' என்று. எழுதும்போது கண்ணில் நீர்கூட வந்தது, சொன்னால் நம்புங்கள்.

நஸ்ரின் அனுப்பியது இதுதான்:

"அங்கிள், ஓகே. பட் ரெண்டு கரெக்‌ஷன். ஒண்ணு, ஒரு இடத்துல காது எலும்புன்னு எழுதியிருக்கீங்க. எலும்பு இல்லை, கல். ரெண்டு, வாப்பா மனசை நீங்க கரைக்கலை. நீங்க வர்றதுக்கு முன்னாடியே கரைஞ்சாச்சு. குரூப்ல யாராவது வந்து சொல்லணும்னு வெயிட் பண்ணிட்டு இருந்தாங்க. கரைச்சது உம்மாதான். வாப்பா வேணாம்னு சொன்ன நாள்லேர்ந்து உம்மா எங்க வீட்டுல மீன் சமைக்கவே இல்லை."

இரண்டு திருத்தத்தையும் செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க உட்கார்ந்த பத்தியிலும் கதாநாயகனாக என்னையே போட்டுக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

மீன்காரர் வீட்டில் தினமும் பருப்பு... இதைவிட உறுதியான முடிவைத் தரும் ஆராய்ச்சி எந்த ஐரோப்பாவில் நடக்கிறது, சொல்லுங்கள்!